கால் ஊன்றும் இடம்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்து, ரோட்டைப் பற்றி உங்கள் மனதில் இருக்கும் சந்தேகத்தைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லியிருந்தோம். நாற்பத்திரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். லைசென்ஸ் புதுப்பிப்பது, இன்சூரன்ஸ், அபராதம் என்று சில உண்டு. பாதிக்கு மேல் ஒரே இடத்தைப் பற்றியவை. நாம் முக்கு என்கிறோம், முச்சந்தி என்கிறோம், நான்கு வழிச்சாலையிலிருந்து கிராமத்துக்குப் பிரியும் இடத்தை விலக்கு என்கிறோம். ரோடும் ரோடும் சேரும் அந்த இடத்தில் எப்படிப் பார்ப்பது, எப்போது நுழைவது என்பதுதான் உங்கள் கேள்வி. நான் தயாரித்து வந்த உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். சீட்டுகளை வைத்தே பேசுகிறேன்.

முதலில் கையில் வந்த சீட்டு இது. "மேடம், ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை. காலில் இன்னும் பிளேட் இருக்கிறது. நான் செய்த தப்பு என்ன?"

இதை எழுதியவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று தேட வேண்டாம். விபத்து நடந்த இடத்தில் கூடுகிற கூட்டம் முதலில் கேட்பது, "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" அடிபட்டவர் சொல்வது, "வந்ததே தெரியலை அண்ணாச்சி." தப்பிக்கச் சொல்கிறார் என்றுதான் கூட்டம் நினைக்கும். இருபத்து மூன்று ஆண்டுகளாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் அனுபவத்தில் அந்த வார்த்தை பெரும்பாலும் உண்மை. அவர் தலையைத் திருப்பினார். கண் திறந்துதான் இருந்தது. வந்த வண்டியின் திசையில்தான் பார்த்தார். ஆனால் அதைக் காணவில்லை. பார்ப்பதற்கும் காண்பதற்கும் நம் மொழி இரண்டு வினைச்சொற்களை வைத்திருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய கால் உடைந்திருக்கிறது.

எல்லோரும் வலது கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். பின் வரிசையில் இருக்கும் ஐயாவும் நீட்டலாம். அந்த நகத்தின் அகலம் நம் பார்வையில் ஏறக்குறைய 2 டிகிரி. எழுத்தை வாசிக்கும் அளவுக்குக் கண் தெளிவாகப் பார்ப்பது அந்த நகத்தளவு இடத்தை மட்டும்தான். சுற்றி இருப்பதெல்லாம் மங்கல். மங்கல் என்று நமக்குத் தோன்றுவதில்லை, ஏனென்றால் கண் ஒரு நொடிக்குச் சுமார் மூன்று முறை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. தாவிப் பிடித்த துண்டுகளை மூளை சேர்த்துத் தைத்து ஒரு முழுப் படமாக நமக்குத் தருகிறது.

தாவும் அந்தக் கணத்தில் கண் எதையும் காண்பதில்லை. வீட்டுக்குப் போனதும் முகக்கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள். கண் அசைவதை உங்களால் காணவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். 1898-லேயே எர்ட்மான், டாட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கண் நகரும்போது வரும் கலங்கலை மூளை நமக்குக் காட்டாமல் மறைத்துவிடுகிறது. வாசிப்பதற்கு இது வரம். முக்கில் நின்று தலையை விசிறி மாதிரி ஒரே வீச்சில் வலமிருந்து இடம் திருப்புகிறவருக்கு இதுவே ஆபத்து. அந்த வீச்சில் கண் இரண்டு மூன்று இடங்களில்தான் தங்கும். விட்டுப்போன இடத்தை ரோடு, மரம், வானம் என்று மூளை தானே நிரப்பிக்கொள்ளும். 80 மீட்டர் தள்ளி வரும் பைக், நீங்கள் நீட்டிய விரலின் நகத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலம்கூட இருக்காது. அந்த நூலளவு உருவம் இரண்டு தாவலுக்கு நடுவில் விழுந்துவிட்டால், ரோடு காலி என்று மூளை உறுதியாகச் சொல்லும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அந்த பைக் உங்களை வந்தடைய 5 நொடிகூட ஆகாது.

சீட்டு எழுதியவருக்கு என் பதில் இதுதான். ஐயா, நீங்கள் பார்த்தீர்கள். கண்ணுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கவில்லை. அப்படிக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்குக் கவனிக்கத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் ஒருவர் போகட்டும். முன்பின் தெரியாத நாலு பேர் "ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்திக்கொண்டே துரத்தி வருவார்கள். சேலைத் தலைப்பு சக்கரத்துப் பக்கம் பறந்தால் பஸ் ஜன்னலிலிருந்து கை நீளும். பகலில் ஹெட்லைட் எரிந்தால் எதிரே வருபவர் விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவார். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது இருசக்கர வண்டிகளில் அந்த விளக்கு தானாகவே எரியும்படிதான் செய்கிறார்கள். பகலிலும் அது தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. அது தெரியாமல், பாவம், இன்னமும் சைகை காட்டுகிறார்கள். இவ்வளவு அக்கறையும் கூர்மையும் உள்ள கண், முக்கில் மட்டும் ஏன் தவறுகிறது? பக்கத்தில் சேர்ந்து போகும்போது அந்த ஸ்டாண்டின் மேல் நம் கண் நாலைந்து நொடி தங்குகிறது. முக்கில் அரை நொடிதான் கொடுக்கிறோம். கண் ஒன்றுதான், கொடுக்கிற நேரம்தான் வேறு.

ஏன் அரை நொடி? நீங்கள் லைசென்ஸ் வாங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டு போட்டீர்கள். எட்டு போடும்போது கால் தரையில் பட்டால் ஃபெயில். அதற்காகவே ஒரு வாரம் பழகியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் பழக்குகிறேன், வேறு வழியில்லை. அந்தச் சோதனை தேவைதான், சமநிலை இல்லாமல் வண்டி ஓட்ட முடியாது. ஆனால் கால் ஊன்றுவது தோல்வி என்ற எண்ணம் அன்றைக்கு உடம்பில் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த ஆள் எந்த முக்குக்கு வந்தாலும் கால் ஊன்றாமல், வேகத்தைக் குறைத்து, வளைத்து, நெளித்து, ஊர்ந்தபடியே உள்ளே நுழைவார். ஊர்கிற வண்டியில் பாதிக் கவனம் சமநிலைக்குப் போய்விடும். மீதிப் பாதிதான் கண்ணுக்கு. என் மாணவர்களுக்கு நான் முதலில் மறக்கடிக்க வேண்டியிருப்பது இதைத்தான். எட்டில் கால் படக்கூடாது. முக்கில் கால் படாமல் இருக்கக்கூடாது.

கால் ஊன்றிய பிறகு வலப்பக்கம் பாருங்கள். கிட்டத்தில் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், தூரத்தில் ஒரு இடம் என்று மூன்று இடங்களில் கண் நிற்கட்டும். பிறகு இடப்பக்கம் அதே மாதிரி. பிறகு மறுபடி வலம். எழுதினால் நீளமாகத் தெரிகிறது, செய்தால் நாலைந்து நொடிதான்.

ஏன் முதலில் வலம் என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. கோணல்மாணலான எழுத்து, ஆனால் அருமையான கேள்வி. நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு. நீ குறுக்கே ஒரு ரோட்டுக்குள் கால் வைத்தால், உனக்குக் கிட்டே இருக்கும் பாதியில் ஓடும் வண்டிகள் உன் வலப்பக்கமிருந்துதான் வரும் கண்ணு. முதலில் மோதக்கூடியது அதுதான், அதனால் முதலில் அதைப் பார்க்கிறோம். இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வலப்பக்கம் மாறியிருக்கும், அதனால் கடைசியிலும் அதையே பார்க்கிறோம். யாருக்கு வழி என்ற சட்டமும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே எழுதியிருந்தார்கள். நீங்கள் நுழையும் ரோடு பிரதான சாலை என்று குறிக்கப்பட்டிருந்தால் அதில் போகிறவருக்கு வழிவிட வேண்டும். மற்ற இடங்களில் உங்கள் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். பெரிய வண்டிக்கு வழி, ஹாரன் அடிப்பவருக்கு வழி, முதலில் மூக்கை நீட்டியவருக்கு வழி என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கை நடுங்கும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு இளம் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். டி வடிவச் சந்திப்பு. அவர் வலம், இடம், வலம் பார்த்தார். "கிளியர் மேடம்" என்றார். அப்போது நான் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் மெதுவாக நகர்ந்தது. எங்கிருந்தோ பானெட்டுக்கு முன்னால் ஒரு சைக்கிள் சக்கரமும் பால்கேனும் முளைத்தன. என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தேன். ஒரு முழம் இருந்தது. பால்கார அண்ணாச்சி காலை ஊன்றி நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். "பாத்து வரக்கூடாதா தாயி?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் சத்தியம் செய்தார், பார்த்தேன் மேடம், யாருமே இல்லை என்று. நான் அவரைத் திட்டவில்லை. காரை ஓரம் கட்டி, அவர் இருக்கையில் நான் உட்கார்ந்து பார்த்தேன்.

முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் கூரையைத் தாங்கும் ஒரு தூண் இருக்கிறது. பில்லர் என்போம். நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் வலப்பக்கத் தூண் கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. அருகில் இருக்கும் பொருள் அதிகம் மறைக்கும். ஒரு சைக்கிளை, ஒரு பைக்கை, கொஞ்சம் தூரத்தில் என்றால் ஒரு காரையே அது மறைக்கும். முதலில் பார்க்க வேண்டிய பக்கத்தில்தான் இந்தத் தூணும் நிற்கிறது.

அந்தச் சைக்கிள் ஒரு கணம்தானே மறைந்திருக்கும், ஏன் இவ்வளவு நேரம் மறைந்தே இருந்தது என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தூத்துக்குடிக்காரர் என்னிடம் கார் பழக வந்தார். அவர்தான் விளக்கினார். கடலில் தூரத்தில் ஒரு கப்பல் தெரிகிறது. அது நமக்கு முன்னால் போகுமா, பின்னால் போகுமா, மோதுமா? திசைமானியை வைத்து அது எந்தத் திசையில் தெரிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். சிறிது நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். திசை மாறியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. திசை மாறாமல் கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால், இரண்டும் மோதப்போகின்றன. 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளிலேயே இது இருக்கிறது. இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்கே சந்தித்தால், எந்தக் கப்பலுக்கு மற்றது தன் வலப்பக்கம் இருக்கிறதோ அதுதான் விலகிக்கொடுக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. நம் முக்கின் விதி கடலிலும் இருக்கிறது.

ரோட்டுக்கு வாருங்கள். மோதப்போகிற வண்டி உங்கள் கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். அசையாத பொருளைக் கண் எளிதில் கவனிக்காது. அந்த இடத்தில் தூண் இருந்துவிட்டால், கடைசிக் கணம் வரை இரண்டும் சேர்ந்தே வரும், வண்டி தூணுக்குப் பின்னாலேயே இருக்கும். பால்கார அண்ணாச்சி அப்படித்தான் மறைந்தே வந்தார். இதற்கு மருந்து எளிது. உட்கார்ந்த இடத்திலிருந்து உடம்பை முன்னால் சாய்த்து ஒரு முறை, பின்னால் சாய்ந்து ஒரு முறை பாருங்கள். தூணைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து என் மாணவர்கள் முக்கில் நின்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி போல் முன்னும் பின்னும் ஆடுவார்கள். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இப்போது நம் ஊரின் பெரிய பிரச்சினைக்கு வருகிறேன். பதினொரு சீட்டுகள் விலக்கைப் பற்றி. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ நாம் தினமும் குறுக்கே கடக்கிறோம். "எவ்வளவு தூரத்தில் வண்டி வந்தால் கடக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூரத்தை மறந்துவிட்டு நொடியை எண்ணுங்கள். ஒரு பக்கத்து ரோடு, இரண்டு வழித்தடம், 7 மீட்டர். ஓரத்தையும் உங்கள் வண்டியின் நீளத்தையும் சேர்த்தால் 10 மீட்டருக்கு மேல். நின்ற நிலையிலிருந்து ஒரு டி.வி.எஸ். 50 அதைக் கடக்க 4 நொடி ஆகும். பின்னால் ஆளோ மூட்டையோ இருந்தால் 5, 6. இந்த நேரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் கார் என்ன செய்கிறது? ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். 6 நொடியில் 168 மீட்டர். அந்த ஓட்டுநர் உங்களைக் கண்ட உடனே பிரேக் போட்டால் நிறுத்திவிட மாட்டாரா? இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு ரோடு போடுவதற்கு அளவுகள் வகுத்துத் தருகிறது. அதன்படி 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் கண்டு, உணர்ந்து, பிரேக் போட்டு நிற்க 180 மீட்டர் வேண்டும். 80-இல் வந்தால் 120 மீட்டர். அதாவது 168 மீட்டரில் அவர் இருக்கும்போது நீங்கள் இறங்கிவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நிற்க முடியாது.

நெடுஞ்சாலை ஓரத்தில் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும். விலக்கில் நின்று அப்படி ஒரு கல்லைத் தேடுங்கள். ஒரு கார் அந்தக் கல்லைத் தாண்டியதிலிருந்து உங்கள் முன்னால் வரும்வரை எண்ணுங்கள். 7 நொடிதான் இருக்கும். ஒரு நாள் எண்ணினால் போதும், பிறகு அந்தக் கல் உங்களுக்கு எப்போதும் உதவும். உங்களுக்கு 6 நொடி தேவை, கார் கல்லைத் தாண்டிவிட்டது, ஆகவே போகக்கூடாது. டிராக்டர் அண்ணாச்சிகளுக்குக் கணக்கே வேறு. பாரம் ஏற்றிய டிரெய்லரோடு ஒரு பக்கத்தைக் கடக்க 12 நொடி ஆவதை நானே விலக்கில் நின்று எண்ணியிருக்கிறேன். 12 நொடிக்கு 336 மீட்டர். அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் டிராக்டர் கடக்கவே கூடாது. சுற்றிப் போய்ப் பாலத்துக்கு அடியில்தான் திரும்ப வேண்டும். டீசல் செலவு எனக்குத் தெரியாமல் இல்லை.

சென்டர் மீடியன் இடைவெளி வரை வந்து நின்று, அடுத்த பாதியைத் தனியாகக் கடக்கலாம். பைக்குக்கு அது நல்ல வழி. நடுவில் நின்றபின் ஆபத்து இடப்பக்கமிருந்து வரும், மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஆனால் வண்டியின் வால் பின்பாதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காருக்கே சில இடைவெளிகள் போதாது, டிரெய்லருக்குச் சுத்தமாகப் போதாது.

இன்னொன்று. ஒரு பக்கம் ஒரே திசையில்தான் வண்டி வரும் என்று பாடம் சொல்கிறது. நம் ரோடு வேறு சொல்கிறது. அடுத்த திருப்பம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஓரமாக எதிர்த்திசையில் ராங் சைடில் ஒரு பைக் வராமல் இருக்காது. சில நேரம் வெளிச்சம்கூட இருக்காது. அதனால் ஒருவழிப் பாதையாக இருந்தாலும் இரண்டு பக்கமும் பாருங்கள். ராங் சைடில் வருகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். உங்களை யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து வருகிறீர்கள். கண் எதிர்பார்த்ததைத்தான் முதலில் காணும்.

"பஸ் போனபிறகுதான் எடுத்தேன், பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக் வந்து அடித்துவிட்டது" என்று ஒரு சீட்டு. பஸ்ஸின் முதுகு உங்கள் கண்ணைத் தாண்டிய அந்த நொடியில் அதன் மறுபக்கம் இன்னும் உங்களுக்குத் தெரியாது. பெரிய வண்டி போனால் இன்னும் இரண்டு நொடி நில்லுங்கள், அது மறைத்ததெல்லாம் வெளியே வரட்டும். இதே காரணத்தால்தான், ஒரு லாரிக்காரர் நல்ல மனதோடு நிறுத்தி, கையைக் காட்டி "போங்கம்மா" என்று சொன்னாலும் நான் உடனே போக மாட்டேன். அவர் தன் தடத்தைத்தான் தரமுடியும், பக்கத்துத் தடம் அவருடையது இல்லை. அவர் வண்டியின் முன்முனை வரை வந்து, நின்று, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மீதியைக் கடக்க வேண்டும். ஹெட்லைட்டை டிப் அடித்தால் என்ன அர்த்தம் என்று அதே சீட்டின் பின்பக்கம். நம் ரோட்டில் பெரும்பாலும் "நான் வருகிறேன், நீ வராதே" என்றுதான் அர்த்தம். ஆனால் வெளியூர் போய் வந்த சிலர் "நீங்கள் போங்கள்" என்று சொல்ல அதையே செய்கிறார்கள். இரண்டு பொருள் உள்ள சைகையை நம்பி உயிரை வைக்க வேண்டாம். சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் நின்றால்தான் வண்டி நிற்கிறது.

மெயின் ரோட்டிலிருந்து வலப்பக்கம் சந்துக்குள் திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் எதிரே வருவது தெரியும். அடிபடுவது பின்னால் ஓவர்டேக் செய்து வருபவரால். இண்டிகேட்டர் போட்டுவிட்டேனே என்பார்கள். இண்டிகேட்டர் நீங்கள் சொல்வது, அவர் கேட்டாரா என்பது வேறு. கண்ணாடியைப் பாருங்கள், திரும்பும் முன் வலத்தோளுக்கு மேல் ஒரு முறை தலையைத் திருப்பிப் பாருங்கள். புது பைக் வாங்கியதும் அழகு கெடுகிறது என்று தம்பிமார் முதலில் கழற்றுவது கண்ணாடியைத்தான். தம்பி, அதைத் திரும்ப மாட்டு. வேகமான ரோட்டில் இன்னும் நல்லது, இடப்பக்கம் ஒதுங்கி நின்று, இரண்டு பக்கமும் காலியானபின் மொத்தமாகக் கடப்பது.

சின்னச் சின்னக் கேள்விகளுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்சந்தியில் நேரே போவதற்கு நாலு இண்டிகேட்டரையும் போடாதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் ஒரு பக்க விளக்குதான் தெரியும், நீங்கள் திரும்பப்போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். அந்த விளக்கு நின்றுபோன வண்டிக்கு. ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிறவருக்குத்தான் வழி, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். சிக்னல் மஞ்சள் என்றால், நிறுத்த முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர் தவிர எல்லோரும் நிற்க வேண்டும். ராத்திரியில் மஞ்சள் விட்டு விட்டு எரிந்தால் மெதுவாக, பார்த்துப் போகலாம். சிவப்பு விட்டு விட்டு எரிந்தால் நின்றுதான் போக வேண்டும்.

"முக்கில் நின்றால் ரோடே தெரியவில்லை, எங்கே நிற்பது?" என்று இன்னொரு சீட்டு. இந்தக் கேள்விக்கு ஒரு பாதி பதில் ஓட்டுகிறவருக்கு, மறுபாதி ஊருக்கு. ஓட்டுகிறவர் இரண்டு முறை நிற்க வேண்டும். கோட்டிலோ முக்கிலோ முதல் முறை, நடந்து போகிறவர்களுக்காக. பிறகு ஓரடி ஓரடியாக முன்னே வந்து, ரோடு தெரியும் இடத்தில் இரண்டாவது முறை, வண்டிகளுக்காக. ஊருக்கு நான் சொல்வது இது. முக்கில் மறைப்பது எது? கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர். முக்கை ஒட்டி நிற்கும் ஷேர் ஆட்டோ. விலக்கில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த சீமைக்கருவேலம். இவற்றை அப்புறப்படுத்தப் பெரிய நிதி தேவையில்லை. 2022-இல் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன, 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களையும்விட முன்னால் இருந்தது தமிழ்நாடு, 64,105. இவ்வளவுக்கும் எல்லாப் பழியையும் ஓட்டுகிறவரின் கண்மேல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலு ரோடு சேரும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று உரசக்கூடிய இடங்கள் 32 என்று பொறியாளர்கள் எண்ணிக் காட்டுகிறார்கள். அதே இடத்தில் ஒழுங்கான சின்ன ரவுண்டானா வைத்தால் அது 8 ஆகிவிடும். மனிதனின் கண் நகத்தளவுதான் தெளிவாகப் பார்க்கும் என்பதை ஏற்றுக்கொண்டு போட்ட ரோடு அது. நம் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன் வரிசையில் இருக்கிறீர்கள். விலக்கில் இருக்கும் கருவேலத்தை இந்த மாதமே வெட்டித் தாருங்கள்.

கடைசிச் சீட்டு. பிள்ளைகளைப் பள்ளியில் விடும் ஒரு அம்மா எழுதியிருக்கிறார். "நீங்கள் சொன்ன மாதிரி நின்றால் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள். பதற்றத்தில் எடுத்துவிடுகிறேன். என்ன செய்ய?"

அம்மா, அவர் வாகனம் உங்களுக்குப் பின்னால் நிற்கிறது. உங்களுக்குத் தெரியும் ரோடு அவருக்குத் தெரியவே தெரியாது. பார்க்காதவர் சொல்கிறார், போ என்று. நீங்கள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள். வலம் மூன்று, இடம் மூன்று, வலம் மூன்று. எண்ணும்போது ஹாரன் காதில் விழுவது குறையும், என் மாணவிகள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளையையும் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். அதற்கு அது விளையாட்டு, உங்களுக்குத் துணை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு நான் விலக்கில், டீக்கடைக்கு எதிரே இருக்கும் சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பேன். நொடிமுள் உள்ள கடிகாரமோ செல்போனோ கொண்டு வாருங்கள். கார், லாரி, பைக் ஒவ்வொன்றும் கல்லிலிருந்து விலக்குக்கு எத்தனை நொடியில் வருகிறது என்று சேர்ந்து எண்ணுவோம். டிராக்டர் வைத்திருப்பவர் யாராவது ஒருவர் பாரத்தோடு வந்தால், அவர் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்பதையும் எண்ணிப் பலகையில் எழுதி அங்கேயே நட்டுவிடலாம்.